உங்கள் படைப்பைப் பற்றி நீங்களே எழுதுவது எப்படி? ஓவியக் கல்லூரி முடித்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓவியக் கல்லூரியில் இருக்கும்வரை கை பேசினால் போதும். படிப்பு முடிந்த கையோடு எல்லாரும் எழுதிக் கேட்கிறார்கள். குழுக் கண்காட்சிக்கு ஒரு குறிப்பு, உதவித்தொகைக்கு ஒன்று, ரெசிடென்சிக்கு (ஓரிடத்தில் தங்கிப் படைக்கும் வாய்ப்பு) ஒன்று, இணையதளத்துக்கு இன்னொன்று. ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட் என்று எல்லாரும் சொல்லும் அந்த ஒரு பக்கத்தில் மூன்று விஷயங்கள் இருந்தாக வேண்டும்: என்ன செய்கிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள், எது உங்களை இதில் இறக்கியது.

புதிதாகப் படிப்பை முடித்தவர்களின் குறிப்புகளை நான் தொடர்ந்து வாசிக்கிறவன். படைப்பு நன்றாக இருக்கும், குறிப்பு அதைக் கைவிட்டிருக்கும். மொழி வராதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நேரில் அதே படைப்பைப் பற்றிக் கேட்டால் அருமையாகப் பேசுவார்கள். எழுத உட்கார்ந்ததும் கருத்திலிருந்து தொடங்கிவிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கையிலிருந்து தொடங்குங்கள். தூண்டுதலைப் பற்றி எழுதும்போதும் யாரைப் பிடிக்கும் என்று அடுக்காமல், அவரிடமிருந்து எதை எடுத்து உங்கள் படைப்பில் எங்கே வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் செய்துமுடிப்பதற்கான வழிகள்தான்.

படி 1: முதலில் பரப்பி வையுங்கள்

கடைசி இரண்டு ஆண்டுகளில் செய்தவற்றை ஓர் இடத்தில் கொண்டுவாருங்கள். முடித்தவை மட்டும் போதாது. பாதியில் விட்டவை, சோதனைப் பிரின்ட்கள், ஸ்கெட்ச் புத்தகங்கள், கெட்டுப்போனது என்று ஓரம்கட்டியவை எல்லாம் வரட்டும். சிற்பம், இன்ஸ்டலேஷன், வீடியோ செய்பவர்கள் படங்களை அச்செடுத்துக்கொள்ளலாம். செய்த வரிசையிலேயே தரையில் அடுக்குங்கள்.

இப்போது திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். அர்த்தத்தைத் தேடாதீர்கள், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். "நடுவில் எப்போதும் காலி இடம்." "மனிதர்கள் எல்லாம் முதுகு காட்டுகிறார்கள்." "இரண்டடிக்கு மேல் எதுவும் செய்யவில்லை." "சிவப்பே இல்லை." இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரிகள் கிடைத்தால் போதும். கூடப் படித்தவர் ஒருவரை அழைத்து அவர் கண்ணில் படுவதையும் எழுதச் சொல்லுங்கள். தன் படைப்பில் தனக்குப் பழகிப்போனது தன் கண்ணில் படாது.

திரும்ப வருவதைக் கவனித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஜியார்ஜியோ மொராண்டி நல்ல உதாரணம். 1964இல் இறந்த இந்த இத்தாலிய ஓவியர் பொலோன்யா நகரில் தன் வீட்டு அறையில் பல பத்தாண்டுகள் அதே புட்டிகளையும் ஜாடிகளையும் பெட்டிகளையும் வரைந்தார். பளபளப்பு வேண்டாம் என்று சில புட்டிகள் மேலேயே மங்கலான பெயின்ட் அடித்துவைத்தார். "ஸ்டில் லைஃப் வரைபவர்" என்று அவரைச் சொன்னால் ஒன்றுமே சொன்னதாகாது. அதே பொருட்களை அங்குலக் கணக்கில் நகர்த்தி, அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியை வரைந்தவர் என்று சொன்னால் அவருடைய படங்கள் கண்முன் வந்து நிற்கும். உங்களைப் பற்றியும் அப்படி ஒரு வாக்கியம் அந்தத் தரையில் கிடக்கிறது.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வகை வேலைகள் கிடைத்தால் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டாம். இரண்டு குறிப்புகள் எழுதுங்கள், எதற்கு விண்ணப்பிக்கிறீர்களோ அதற்கு உரியதை அனுப்புங்கள்.

படி 2: கை செய்வதை வரிசையாக எழுதுங்கள்

ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, அதைத் தொடங்கியதிலிருந்து முடித்ததுவரை கை என்ன செய்தது என்று எழுதுங்கள். வினைச்சொற்கள் வேண்டும்: கிழித்தேன், ஒட்டினேன், ஊறவைத்தேன், காத்திருந்தேன், தேய்த்தேன். "வெளிப்படுத்தினேன்", "ஆராய்ந்தேன்" என்பவை இந்தப் படியில் கூடாது. நீங்கள் இந்தப் படைப்பைப் பற்றிப் பேசும்போது எந்த மொழி வருகிறதோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். அனுப்ப வேண்டிய மொழிக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

எச்சிங் (உலோகத் தகட்டில் கோடுகளை ரசாயனத்தால் அரித்து அச்செடுக்கும் முறை) செய்யும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். கடைசிப் படிவரை அவர் நம்மோடு வரப்போகிறார். அவருடைய முதல் குறிப்பு இப்படி வரும்:

"செப்புத் தகட்டில் கிரவுண்ட் (அரிப்பைத் தடுக்கும் பூச்சு) பூசுகிறேன். காய்ந்ததும் ஊசியால் கீறுகிறேன். கோடுகளை அரிக்கும் ஃபெரிக் குளோரைடில் தகட்டை இறக்குகிறேன், கோடு ஆழமாக வேண்டுமென்றால் கூடுதல் நேரம் விடுவேன். எடுத்துக் கழுவி, மை தடவி, துணியால் துடைத்து, நனைத்த தாளை மேலே வைத்து பிரஸ்ஸில் இழுக்கிறேன். பிரின்ட் எடுத்தபின் தகட்டைச் சுரண்டி, வழவழப்பாக்கி, அதே தகட்டில் அடுத்த படத்தைப் போடுகிறேன். பழைய கோடு முழுக்கப் போகாது."

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் எச்சிங் செய்யும் எவரும் செய்வது. ஆனால் சுரண்டிவிட்டு அதே தகட்டில் வேலை செய்வதும், போகாத கோட்டைப் போகாமலே விட்டுவைப்பதும் இவருடையது. உங்கள் குறிப்பிலும் இதே வேலையைச் செய்யுங்கள்: உங்கள் துறையில் எல்லாரும் செய்வதை அடித்துவிடுங்கள். மிஞ்சி நிற்கும் ஒன்றிரண்டு வரிகளில் இருந்துதான் உங்கள் ஸ்டேட்மென்ட் பிறக்கப்போகிறது. ஒன்றுமே மிஞ்சவில்லையென்றால் இன்னொரு படைப்பை எடுத்து மறுபடி எழுதுங்கள். பெரும்பாலும் செய்முறையின் ஓரத்தில், "இதையெல்லாமா சொல்வார்கள்" என்று நீங்கள் விட்டுவிட்ட இடத்தில் அது இருக்கும்.

அப்படியும் பிடிபடாவிட்டால் வேறொரு பக்கமாக வாருங்கள்: உங்களுக்கு நீங்களே போட்டுக்கொண்ட விதி என்ன? ஜப்பானியக் கலைஞர் ஆன் கவாரா 1966 ஜனவரி 4 அன்று தன் தேதி ஓவியங்களைத் தொடங்கினார். ஒரே நிறப் பின்னணியில் அன்றைய தேதி, வெள்ளை எழுத்தில், கையாலேயே எழுதியது. அன்று நள்ளிரவுக்குள் முடியவில்லையென்றால் அந்த ஓவியத்தை அழித்துவிடுவார். எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு வழக்கப்படி தேதி இருக்கும். விதியைச் சொன்னாலே போதும், அவர் காலத்தைப் பற்றி என்ன நினைத்தார் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் விதிகள் இருக்கும். அவற்றை விதி என்று நினைத்திருக்க மாட்டீர்கள். ஒரே உட்காரலில் முடிப்பது, கடையில் வாங்கிய நிறத்தை அப்படியே பயன்படுத்தாமல் இருப்பது, தெரிந்தவர்களை மட்டுமே படம் எடுப்பது எல்லாம் விதிகள்தான்.

மற்றவர்களின் கை உங்கள் படைப்பில் இருந்தால் அதையும் இங்கேயே எழுதுங்கள். கானாவில் பிறந்த சிற்பி எல் அனட்சுயி மதுப்புட்டி மூடிகளைத் தட்டித் தட்டையாக்கி, செப்புக் கம்பியால் கோத்துப் பிரம்மாண்டமான விரிப்புகளாக்குகிறார். அதில் பல உதவியாளர்களின் உழைப்பு இருக்கிறது என்பது அவர் மறைக்காத விஷயம். முடிந்த விரிப்பை எப்படி மடித்துத் தொங்கவிடுவது என்பதையும் ஒவ்வொரு இடத்திலும் அதை மாட்டுகிறவர்களிடம் விட்டுவிடுவதுண்டு. நெய்தவர், வார்த்தவர், தைத்தவர் வேறு ஒருவராக இருந்தால் அதைச் சொல்வது மரியாதை மட்டுமல்ல, உங்கள் செய்முறையின் ஒரு பகுதியும்கூட. மென்பொருளுக்கும் இதே நியாயம்தான். செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தினால் எந்தக் கட்டத்தில், எதற்காக என்று ஒரே வரியில் நேராகச் சொல்லிவிடுங்கள்.

புகைப்படக்காரர்கள் தாங்கள் எங்கே நின்றார்கள், படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா என்று எழுத வேண்டும். வீடியோ செய்பவர்கள் நீளம், லூப் உண்டா இல்லையா, திரையின் அளவு, ஒலி இவற்றை எழுத வேண்டும்.

படி 3: ஏன் இந்தப் பொருள்?

இதற்கு "பிடிக்கும்" என்பது பதிலாகாது. இந்தப் பொருள் செய்வதில் எதை வேறு பொருள் செய்யாது என்று கேளுங்கள். ஜெர்மனியில் பிறந்த அமெரிக்கச் சிற்பி ஈவா ஹெஸ்ஸே 1960களின் பிற்பகுதியில் லேட்டக்ஸிலும் (ரப்பர் பால்) ஃபைபர்கிளாஸிலும் சிற்பங்கள் செய்தார். லேட்டக்ஸ் நீடிக்காது என்று தெரிந்தே செய்தார். 1970இல், 34 வயதில் அவர் இறந்துபோனார். அந்த லேட்டக்ஸ் சிற்பங்கள் பல இன்று மஞ்சளித்து, விறைத்துவிட்டன. அழியும் என்று தெரிந்த பொருளைத் தேர்ந்தெடுத்ததே அந்தச் சிற்பங்களில் பாதி.

காரணம் சாதாரணமானதாக இருந்தாலும் கூச்சப்படாமல் எழுதுங்கள். படிப்பு முடிந்தபின் பிரஸ் இல்லை, அதனால் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து உட்கட் (மரக்கட்டை அச்சு) எடுக்கிறேன். அறை சிறியது, அதனால் மடித்துவைக்கக்கூடிய துணியில் வரைகிறேன். இவை நல்ல காரணங்கள். பெரிய தத்துவக் காரணத்தைக் கண்டுபிடித்து மேலே ஒட்டுவதைவிட ஆயிரம் மடங்கு நம்பும்படி இருக்கும்.

படி 4: தூண்டுதலைப் பட்டியல் போடாதீர்கள், கணக்குச் சொல்லுங்கள்

பெரும்பாலான குறிப்புகள் விழுவது இந்த இடத்தில்தான். ஐந்தாறு பெரிய பெயர்களை வரிசையாக எழுதி, "இவர்களின் படைப்புகள் எனக்குப் பெரும் தூண்டுதல்" என்று முடித்திருப்பார்கள். வாசிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. அந்தப் பெயர்களோடு ஒப்பிட்டு உங்களை எடைபோடுவார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு தூண்டுதலுக்கும் மூன்று கேள்விகள் போடுங்கள். எதை எடுத்தேன்? எதை மாற்றினேன்? எதை வேண்டாம் என்று விட்டேன்?

வான் கோவை வைத்தே இதைச் செய்துபார்க்கலாம். 1857இல் ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷிகே, திடீர் மழையில் ஒரு மரப்பாலத்தை மக்கள் ஓடிக் கடக்கும் காட்சியை மரக்கட்டை அச்சாகச் செய்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1887இல், பாரிஸில் இருந்த வான் கோ அதை எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுத்தார். பாலத்தின் சாய்வு, குனிந்து போகும் மனிதர்கள், மேலிருந்து பார்க்கும் பார்வை எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனால் ஹிரோஷிகேவின் தட்டையான, சீராக இறங்கும் நிறம் அவர் கையில் தூரிகைத் தடம் தெரியும் தடித்த வண்ணமாகிவிட்டது, நிறங்கள் அழுத்தமாகின. சுற்றிலும் ஒரு சட்டம் வரைந்து, வேறு அச்சுகளில் பார்த்த ஜப்பானிய எழுத்துகளை அதில் நிரப்பினார். அந்தச் சட்டமும் எழுத்தும் அலங்காரம்தான்.

அடுத்த ஆண்டு அவர் வரைந்த 'விதைப்பவன்' ஓவியத்தைப் பாருங்கள். ஜப்பானிய எழுத்து எதுவும் அதில் இல்லை. ஆனால் ஒரு மரம் முன்னால் குறுக்கே சாய்ந்து படத்தை வெட்டுகிறது, கிளைகள் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகின்றன, பின்னால் ஒரு பெரிய மஞ்சள் சூரியன் தட்டையாக நிற்கிறது. ஹிரோஷிகேவின் பிளம் மரப் படத்தையும் வான் கோ 1887இல் பிரதி எடுத்திருந்தார். அலங்காரத்தை விட்டுவிட்டு, படத்தை வெட்டும் அந்த முறையை மட்டும் அவர் வைத்துக்கொண்டார் என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். தூண்டுதல் வேலை செய்யும் விதம் இதுதான். முதலில் எல்லாவற்றையும் எடுக்கிறோம், பிறகு தேவையானது மட்டும் தங்குகிறது. உங்கள் குறிப்பில் தங்கியதைச் சொல்லுங்கள்.

தூண்டுதல் கலைஞர்களிடமிருந்துதான் வர வேண்டும் என்று இல்லை. உண்மையில் வேறு இடங்களிலிருந்து வருவதை எழுதியவர்களின் குறிப்புகள்தான் எனக்கு நினைவில் நிற்கின்றன. இந்தியாவில் பிறந்த அச்சுக்கலைஞர் ஜரீனா அலிகாரில் கணிதம் படித்தவர். 1999இல் அவர் செய்த 36 உட்கட் பிரின்ட்கள் கொண்ட தொடரில் வீடு, நிலைப்படி, கதவு போன்ற உருதுச் சொற்கள் ஒவ்வொரு தாளிலும் வருகின்றன. மேலே இருக்கும் வடிவம் கட்டட வரைபடம்போல, ஒரு சில நேர்க்கோடுகளில் முடிந்துவிடும். வீட்டை இழந்த வலியைக் கணிதம் படித்தவரின் சிக்கனத்தோடு வரைந்திருக்கிறார் என்று சொன்னால் இரண்டு தூண்டுதல்களும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

பிரான்ஸில் பிறந்த சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் பெற்றோர் பழைய சுவர்த்திரைச் சீலைகளைப் பழுதுபார்க்கும் தொழில் செய்தவர்கள். சீலைகளின் கீழ்ப்பகுதி நைந்து, உருவங்களின் கால்கள் போயிருக்கும். சிறுமியாக இருந்தபோதே அந்தக் கால்களை வரைந்துகொடுக்கும் வேலை அவருக்கு வந்தது. 1999இல் அவர் செய்த 'மாமன்' ஒன்பது மீட்டருக்கு மேல் உயரமான சிலந்தி. பிரெஞ்சில் அம்மாவைக் கூப்பிடும் பெயர் அதற்கு. கிழிந்ததை உட்கார்ந்து சரிசெய்யும் அம்மா, அறுந்த வலையைத் திரும்பப் பின்னும் சிலந்தி. "என் அம்மாதான் என் தூண்டுதல்" என்று எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். அம்மா என்ன வேலை செய்தார், கை எப்படி அசைந்தது, அந்த அசைவு உங்கள் படைப்பில் எங்கே இருக்கிறது என்பதுவரை போனால்தான் அந்த வாக்கியத்துக்கு உயிர் வரும்.

இன்னொரு வகை, நீங்கள் வெளியே காட்டாத வேலை. இந்தியக் கலைஞர் நஸ்ரீன் முகமதி மையாலும் பென்சிலாலும் மெல்லிய கோடுகள் இட்டவர், 1990இல் இறந்தார். நிறையப் புகைப்படங்களும் எடுத்தார். உயிரோடிருந்தவரை அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை. சாலைக் கோடுகள், கட்டட விளிம்புகள், தறியில் பாவிய நூல்கள் என்று அந்தப் படங்களைப் பார்க்கும்போது அவர் கோடுகள் உலகத்தில் எங்கே இருந்தன என்று புரிகிறது. உங்கள் போனில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டும் என்று நினைக்காமல் எடுத்த படங்களில் உங்கள் கண் எதன்மேல் போகிறது என்பது தெரிந்துவிடும்.

சொந்தத் துயரத்தைப் பற்றி எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். எழுதலாம், எவ்வளவு என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். ஜெர்மன் கலைஞர் கேதே கோல்விட்ஸின் மகன் பீட்டர் 1914 அக்டோபரில் போரில் இறந்தான். அவனுக்காக ஒரு நினைவுச் சின்னம் செய்யத் தொடங்கினார். முதலில் மகனின் உடலும் அதில் இருப்பதாக யோசித்தார். 1932இல் பெல்ஜியத்தின் போர்க் கல்லறையில் வைத்தபோது மகன் இல்லை, முழங்காலிட்ட தகப்பனும் தாயும் மட்டும் இருந்தார்கள். படைப்பில் எதை எடுத்துவிட்டீர்களோ அதைக் குறிப்பில் திரும்பக் கொண்டுவந்து நிறுத்த வேண்டிய கட்டாயமில்லை. "என் குடும்பத்தில் நடந்த ஓர் இழப்புக்குப் பிறகு இந்தத் தொடர் தொடங்கியது" என்ற ஒரு வரி போதும். நேர்காணலில் யாராவது தோண்டிக் கேட்டால் பதில் சொல்லும் அளவுக்கு மட்டும் எழுதுங்கள். இன்னொருவருடைய நோய், இன்னொருவருடைய மரணம் என்றால் அவர்களிடமோ அவர்கள் வீட்டாரிடமோ கேட்காமல் எழுதாதீர்கள்.

படி 5: முதல் வரைவும் இரண்டாம் வரைவும்

இப்போது நம் எச்சிங் மாணவி. இந்தப் படிகள் எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் இப்படி எழுதியிருப்பார்:

"காலம், நினைவு, அழிவு ஆகியவற்றுக்கு இடையிலான உரையாடலை என் படைப்புகள் ஆராய்கின்றன. அச்சுக்கலையின் எல்லைகளை விரிவுபடுத்தி, மனித இருத்தலின் நிலையாமையை வெளிப்படுத்த முயல்கிறேன். சிறுவயது முதலே ஓவியத்தில் தீராத ஆர்வம் கொண்ட எனக்கு இயற்கையும் ரெம்பிராண்டும் பெரும் தூண்டுதல்."

படிகளைச் செய்தபின்:

"நான் எச்சிங் செய்கிறேன். ஒரு தொடர் முழுவதற்கும் ஒரே செப்புத் தகடு. ஒரு வகுப்பறையின் கரும்பலகையை மாலையில் இருக்கிறபடி தகட்டில் வரைந்து பிரின்ட் எடுக்கிறேன். பிறகு தகட்டைச் சுரண்டித் தேய்த்து, இன்னொரு நாளின் பலகையை அதிலேயே வரைகிறேன். பழைய கோடுகள் முழுக்கப் போவதில்லை. கடைசியில் வரும் பிரின்ட்களில் எது அன்று எழுதியது, எது முன்பே அழித்தது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

என் அம்மா கணக்கு ஆசிரியை. பள்ளி விட்டபின் அவர் வேலை முடியும்வரை காலி வகுப்பறைகளில் காத்திருப்பேன். டஸ்டர் தொட்டும் தொடாமலும் போன இடங்களில் பாதிக் கணக்குகள் மிச்சமிருக்கும். அவற்றை முடிக்கப் பார்ப்பேன்.

ரெம்பிராண்ட் 1653ஆம் ஆண்டின் 'மூன்று சிலுவைகள்' தகட்டை நான்காம் நிலையில் (திருத்தித் திருத்தி அச்செடுக்கும்போது வரும் ஒவ்வொரு வடிவமும் ஒரு நிலை) கடுமையாகத் திருத்தினார்: பல உருவங்களைத் தேய்த்தெடுத்து, காட்சியையே இருட்டாக்கினார். ஒவ்வொரு நிலையும் தனியாகப் பார்க்கத்தக்க படைப்பு என்பதை அந்தத் தகட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் திருத்தியது ஒரே காட்சியை. நான் ஒன்றின்மேல் ஒன்றாக வேறு வேறு நாட்களை வைக்கிறேன்."

முதல் வரைவில் இருந்த காலம், நினைவு, அழிவு என்ற மூன்று சொற்களில் முதல் இரண்டும் இரண்டாவதில் வரவே இல்லை. அழிப்பது ஒரு வேலையாக வருகிறது, தத்துவமாக வரவில்லை. ஆனாலும் வாசித்து முடிப்பவர் அந்த மூன்றையும் தானே நினைத்துக்கொள்வார், தானே நினைத்துக்கொண்டதைத்தான் நம்புவார். அம்மா பற்றிய பத்தியில் விளக்கம் எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். "அதனால்தான் இன்று நான்" என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள்.

வரிசை இதே மாதிரிதான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் நீங்கள் எந்த ஊடகத்தில் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்தாக வேண்டும். நிறைய விண்ணப்பங்களை அடுத்தடுத்து வாசிக்கும் நடுவருக்கு அதைத் தேட நேரமிருக்காது.

படி 6: அடித்துத் திருத்துங்கள்

எழுதியதை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு எடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் கூடப் படித்த இன்னொருவருடைய படைப்புக்குக் கீழே வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அந்த வாக்கியம் உங்களுடையது அல்ல. அடித்துவிடுங்கள் அல்லது உங்கள் படைப்பில் உள்ள ஒன்றைக் காட்டும்படி மாற்றுங்கள். "இயற்கையே என் குரு" எங்கும் பொருந்தும். "மழை நின்றபின் சுவரில் ஈரம் காயும் விளிம்பை வரைகிறேன்" உங்களுக்கு மட்டும் பொருந்தும்.

"சிறுவயது முதலே" என்று தொடங்கும் வாக்கியத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். "முயல்கிறேன்" என்பதையும் பாருங்கள். செய்துவிட்டீர்கள், பிறகு ஏன் முயல்கிறீர்கள்? "பார்வையாளரைச் சிந்திக்க வைக்கும்", "பார்வையாளரின் மனதைத் தொடும்" போன்றவற்றை எடுத்துவிடுங்கள். அவர் மனதில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்வது உங்கள் வேலை இல்லை. தத்துவவாதிகளின் பெயர்களை, அவர்கள் எழுத்து உங்கள் ஸ்டூடியோவில் ஏதாவது ஒரு முடிவை உண்மையாகவே மாற்றியிருந்தால் மட்டும் வையுங்கள்.

படி 7: படைப்பைப் பார்க்காதவரிடம் கொடுங்கள்

இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். உங்கள் படைப்பை இதுவரை பார்க்காத ஒருவரிடம் குறிப்பை மட்டும் கொடுங்கள். கலை படித்தவராக இருக்க வேண்டாம், இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. வாசித்தபின், படைப்பு எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் கிறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். அளவு, நிறம், எங்கே வைத்திருப்பார்கள் என்றும் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் படைப்பைக் காட்ட வேண்டும்.

அவர் கிறுக்கியதும் உங்கள் படைப்பும் ஓரளவு ஒத்துப்போனால் குறிப்பு வேலை செய்கிறது. அவர் சுவரளவு நினைத்திருந்து படைப்பு உள்ளங்கை அளவு என்றால் குறிப்பில் அளவைச் சொல்லவில்லை. அவர் எதையும் கிறுக்க முடியாமல் விழித்தால், இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

படி 8: மூன்று அளவுகளில் வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு வாக்கியம், நூறு நூற்றைம்பது சொற்கள், ஒரு பக்கம். கேட்பவர்கள் சொன்ன வரம்பைத் தாண்டாதீர்கள். பெரியதை வெட்டிச் சிறியதாக்குவதைவிடச் சிறியதைத் தனியாக எழுதுவது எளிது. எங்கே படித்தீர்கள், எந்தக் கண்காட்சியில் கலந்துகொண்டீர்கள் என்பவை பயோடேட்டாவுக்கு உரியவை, இங்கே வேண்டாம்.

கூடவே ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. உயரம் முதலில், அகலம் அடுத்து, முப்பரிமாணம் என்றால் ஆழம் கடைசியில். பிரின்ட் என்றால் 3/10 என்பதுபோல எடிஷன் எண். பத்தில் மூன்றாவது என்று பொருள். "மிக்ஸ்டு மீடியா" என்று மட்டும் எழுதாமல் என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதுங்கள். நிறையப் பேர் ஸ்டேட்மென்ட்டை வாசிப்பதற்கு முன் இந்தச் சிறு வரியைத்தான் வாசிக்கிறார்கள்.

படி 9: ஒரு பேட்ச் முழுவதும் சேர்ந்து எழுதும்போது

பட்டமளிப்புக் கண்காட்சிக்குக் கேட்டலாக் போடுகிறீர்கள் என்றால் எல்லாரையும் தனித்தனியாக எழுதச் சொல்வதைவிட, இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் கேட்க ஒருவர் சொல்வது பலன் தரும். படைப்பின் முன்னால் நின்றுகொண்டு கேளுங்கள், பதிவு செய்துகொள்ளுங்கள். "இதில் கடைசியாக மாற்றியது எது?", "எந்த இடத்தில் விட்டுவிடலாம் என்று தோன்றியது?", "இதைச் செய்யும்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்பவை நல்ல கேள்விகள். "இதன் அர்த்தம் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள், உடனே மேடைப் பேச்சு வந்துவிடும். பதிவை எழுத்தாக்கும்போது அவர் பேசிய சொற்களை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாருடைய குறிப்பும் ஒரே நடையில் இருந்தால் எடிட் செய்தவர்தான் தெரிவார்.

படி 10: வாய்விட்டுச் சொல்லும்போது

நேர்காணலிலும் கண்காட்சியிலும் எழுதியதை ஒப்பிக்க வேண்டாம். ஒரே ஒரு படைப்பின் முன்னால் நின்று, அதைச் செய்த கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். கேட்பவர் உங்கள் படைப்பில் நீங்கள் நினைக்காத ஒன்றைப் பார்த்தால் மறுக்காதீர்கள், எங்கே பார்த்தார் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். "யாருடைய படைப்பு பிடிக்கும்?" என்று கேட்டால் ஒரு பெயர் போதும், ஆனால் அவருடைய எந்தப் படைப்பு, அதில் எந்த மூலை என்பதுவரை சொல்லுங்கள். "அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். திட்டம் இல்லையென்றால் இந்த வாரம் ஸ்டூடியோவில் எதைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். ஒரு சோதனைத் துண்டைப் பையில் கொண்டுபோயிருந்தால் இன்னும் நல்லது, எடுத்து அவர் கையில் கொடுத்துவிடலாம்.